அக்சஸ் குவெரியில் பாக்கி தப்பா வருது: நோட்டுல 7,500, திரையில 6,000

மன்னார்குடி_மெஷின்:
வணக்கம். எங்க வீட்டுல ரெண்டு அறுப்பு மெஷின் ஓடுது, ஒண்ணு பெல்ட், ஒண்ணு டயர். கணக்கெல்லாம் அப்பாவோட நீள நோட்டுலதான். தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிட்டா உட்காரவே நேரம் இருக்காது. அதுக்குள்ள பதியுற ஃபார்ம், பில், பாக்கி ரிப்போர்ட்டுன்னு மைக்ரோசாஃப்ட் அக்சஸ்ல (தகவலை டேபிள் டேபிளா சேர்த்து வைக்கிற மென்பொருள்) முழுசா ஒண்ணு செஞ்சுடலாம்னு இறங்கிட்டேன். 1998ல கும்பகோணத்துல ஃபாக்ஸ்ப்ரோ (அந்தக் காலத்து டேட்டாபேஸ் மொழி) படிச்ச தைரியம்தான்.

விவசாயி, பில், வரவுன்னு மூணு டேபிள். மூணையும் ஒரே குவெரியில (டேபிள்கிட்ட விவரம் கேட்கிற கேள்வி) விவசாயி எண் வச்சு இணைச்சு, ஆள்வாரியா கூட்டி, பில்லுல வரவைக் கழிச்சேன். ஒருத்தருக்கு பில் 4,400, 6,600, 5,500. அவர் கொடுத்தது 5,000, 4,000. பாக்கி 7,500 வரணும், 6,000 வருது. பக்கத்து வயல்காரருக்கு மட்டும் சரியா வருது! சில பேரைக் காணவே காணோம்.

வெண்ணாறு:
பேரைத் தமிழ்ல அடிச்சிருக்கீங்களா? அதுல ஏதாவது குழப்பமா இருக்கும். காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் (ஃபைலைச் சுருக்கிச் சரிபண்றது) கொடுத்துப் பாருங்க.

மன்னார்குடி_மெஷின்:
கொடுத்தேங்க. ஃபைல் இளைச்சுது, பாக்கி அப்படியேதான் இருக்கு.

கொரடாச்சேரி_கோடர்:
ஒரே வரி ரெண்டு தடவை வருது போல. டிஸ்டிங்க்ட் (ஒரே மாதிரி வரிகள்ல ஒண்ணை மட்டும் காட்டச் சொல்றது) போட்டா போயிடும் அண்ணே.

தஞ்சாவூர்_பழைய_ஃபாக்ஸ்:
தம்பி கோடர், டிஸ்டிங்க்ட் இங்க ஆபத்து. ஒருத்தர் 5,000 ரெண்டு தடவை கொடுத்திருந்தா அதுல ஒண்ணை முழுங்கிடும். அப்புறம் ஊர்ல யார் பதில் சொல்றது?

மன்னார்குடி தம்பி, அந்தக் குவெரியில கூட்டலை எடுத்துட்டு, அவர் ஒருத்தருக்கு மட்டும் ஓட்டுங்க. 6 வரி வரும். 3 பில், 2 வரவு. ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு வரவோடயும் ஜோடி சேருது. அதனால பில் 16,500 ரெண்டு மடங்காகி 33,000. வரவு 9,000 மூணு மடங்காகி 27,000. கழிச்சா உங்க 6,000. பக்கத்து வயல்காரருக்கு ஒரே பில், ஒரே வரவா இருக்கும். ஒண்ணை ஒண்ணால பெருக்கினா ஒண்ணுதானே, அதான் தப்பிச்சார்.

ஃபாக்ஸ்ப்ரோவுல இது நமக்கு வந்ததே இல்ல. ஏன்னா அங்க ஸ்கேன் போட்டு ஒவ்வொரு விவசாயியா நடப்போம். பில்லை ஒரு தடவை கூட்டுவோம், வரவை ஒரு தடவை கூட்டுவோம், கழிப்போம். எப்படிச் செய்யணும்னு நாமதான் சொன்னோம். அக்சஸ் குவெரிக்குப் பின்னால இருக்கிற எஸ்கியூஎல் மொழியில என்ன வேணும்னு மட்டும்தான் சொல்றோம், எப்படிங்கிறதை அதுவே பார்த்துக்கும். நாலாம் தலைமுறை மொழின்னு சென்டர்ல அதைத்தான் பெருமையா சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா கேட்கிற கேள்வி தப்பா இருந்தா, அந்தத் தப்புக் கேள்விக்குச் சரியான விடையை வேகமா கொடுத்துடும்.

செய்ய வேண்டியது: பில்லை மட்டும் விவசாயி எண்வாரியா கூட்டி ஒரு குவெரி. வரவுக்குத் தனியா இன்னொண்ணு. ரெண்டுலயும் ஆளுக்கு ஒரே வரிதான் இருக்கும். மூணாவது குவெரியில விவசாயி டேபிளை நடுவுல வச்சு இந்த ரெண்டையும் இணைங்க. இணைப்புக் கோட்டை டபுள் கிளிக் பண்ணி, விவசாயி எல்லாரும் வரணும்கிறதைத் தேர்ந்தெடுங்க. ரெண்டு அம்பும் விவசாயியிலிருந்து வெளியே போகணும். காணாமப் போனவங்க பணமே கொடுக்காதவங்கதான். அவங்களைத்தானே முதல்ல பார்க்கணும்!

மன்னார்குடி_மெஷின்:
7,500 வந்துடுச்சு ஐயா! காணாமப் போன 11 பேரும் வந்துட்டாங்க, ஆனா அவங்க பாக்கிக் கட்டம் காலியா இருக்கு.

தஞ்சாவூர்_பழைய_ஃபாக்ஸ்:
வரவே இல்லாதவங்களுக்கு அந்த இடத்துல நல், அதாவது மதிப்பே இல்லாத காலி. நல்லைக் கழிச்சா விடையும் நல்தான், பூஜ்யம்னு எடுத்துக்காது. ரெண்டு தொகையையும் என்இசட் ஃபங்ஷனுக்குள்ள போட்டு, காலியா இருந்தா 0ன்னு கொடுத்துட்டுக் கழிங்க.

வெண்ணாறு:
நடுவுல ஒரு சந்தேகம். ஃபாக்ஸ்ப்ரோ தெரிஞ்சவர் அதுலயே எழுதலாமே?

தஞ்சாவூர்_பழைய_ஃபாக்ஸ்:
எனக்கும் ஆசைதான். 1992ல மைக்ரோசாஃப்ட் வாங்கிச்சு, விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9ஓட நிறுத்திடுச்சு, 2015 ஜனவரியோட ஆதரவும் முடிஞ்சுது. புதுசா தொடங்குறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மன்னார்குடி_மெஷின்:
கடைசியா ஒண்ணு ஐயா. போன வருஷப் பாக்கியை விவசாயி டேபிள்லயே ஒரு கட்டம் போட்டு வச்சுக்கவா? அப்புறம் உழவு டிராக்டர் கணக்கையும் சேர்க்கணும், அது மாங்கிற நில அளவுக் கணக்கு.

தஞ்சாவூர்_பழைய_ஃபாக்ஸ்:
வேண்டாம். பழைய பாக்கியையும் ஒரு பில்லாவே பதிஞ்சு, வகைன்னு ஒரு கட்டத்துல 'பழைய பாக்கி'ன்னு குறிங்க. பாக்கி எப்பவும் கணக்குப் போட்டு வரட்டும், எழுதி வச்சா ஒருநாள் ரெண்டும் ஒத்துப்போகாது. மாவை 'ரெண்டரை மா'ன்னு எழுத்தா அடிக்காம குழியா எண்ணுல போடுங்க, மாவுக்கு 100 குழி. காட்டும்போது மாவாக்கிக்கலாம். எங்க ஊர்ல இன்னும் வேலிக்கணக்கு பேசுறவங்க இருக்காங்க, 20 மா ஒரு வேலி, அவங்களுக்கு மாவை 20ஆல வகுத்தா போதும்.