புதுப்பிப்பு: வைகையில் மூன்று நாள் கேனோ பயணம்

வைகை அணையிலிருந்து சோழவந்தான் வரை வழிகாட்டியோடு கேனோவில் (துடுப்பு போடும் ஒடுக்கமான சிறு படகு) போய், ராத்திரி கரையில் டென்ட் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. திட்டம் நிறையவே மாறிவிட்டது.

தேதி குறிப்பது நாம் இல்லை, அணைதான். முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. 66-ஐத் தொட்டாலே பயணம் ரத்து. பாசனத்துக்கு அளவாகத் திறக்கும் நாட்கள்தான் தோது, அதுவும் அனுமதி கைக்கு வந்த பிறகு.

வழியில் ஆற்றின் குறுக்கே உள்ள பேரணை என்ற அணைக்கட்டையோ மற்ற தடுப்பணைகளையோ படகிலேயே தாண்டக் கூடாது. மேலிருந்து பார்த்தால் ஒரு முழ இறக்கம், சாதுவாகத் தெரியும். கீழே விழும் தண்ணீர் சுருண்டு அணைப் பக்கமே திரும்ப இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் விடாது. நூறு மீட்டர் முன்பே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடக்கணும். அதனால் சாமான் ஆளுக்கு 15 கிலோவோடு சரி. கனமானது படகின் நடுவில், அடியில்.

தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் சீமைக்கருவேலம் இன்னொரு எமன். கிளை வழியே தண்ணீர் போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார்.

மணல்திட்டில் டென்ட் வேண்டவே வேண்டாம். ராத்திரி ஷட்டரை உயர்த்தினால் ஓட நேரமிருக்காது. மேட்டுத் தோப்பில், உரிமையாளரிடம் கேட்டுப் போடலாம். தென்னைக்கு அடியில் மட்டும் கூடாது.

குடிக்க ஆளுக்கு தினம் 4 லிட்டர் கொண்டுபோகணும். ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், வயல் மருந்து போகாது.