சதுமா பாட்டை நீங்கள் எங்கே கேட்டீர்கள்?

தாம்பரே மீனா:
சதுமா, கடலுக்கு அப்பால் இருக்கும் கனவு நாட்டைப் பற்றிய பின்லாந்து டாங்கோ நடனப் பாட்டு, இங்கே எல்லாருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதியோர் இல்லத்தில் மாலை ஷிஃப்ட். அக்கார்டியன்காரர் சதுமாவைத் தொடங்கியதும், வாரக்கணக்கில் வாயே திறக்காத ஒரு பாட்டி கூடவே பாடினார். 'சிறகில்லை, பறக்க முடியாது, மண்ணின் கைதி நான்' என்று வரும் இடத்தில் நிறுத்திவிட்டார். என் கையைப் பிடித்து, "உன் ஊருக்கு உன்னால் திரும்பிப் போக முடியுமா?" என்றார். முடியும் பாட்டி, டிசம்பரில் போகிறேன் என்றேன். "அப்போ சரி" என்று கையை விட்டுவிட்டார். அவர் பிறந்தது வீபுரி பக்கம் என்று நர்ஸ் அப்புறம்தான் சொன்னார். இன்றைக்கு அது ரஷ்யா. டிசம்பர் என்று சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

ஏரிக்கரை:
அக்கா, அந்தக் கேள்விதான் பாட்டே. எழுதிய உந்தோ மோனனென் பிறந்த முவோலாவும் வீபுரி போலவே கரேலியாவில்தான், இரண்டாம் உலகப் போரில் பின்லாந்து சோவியத் யூனியனிடம் இழந்த பகுதி, அதுவும் பறிபோன ஊர். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வீட்டை விட்டு வந்தார்கள். 1955-ல் எழுதினார், 1962-ல் பாடகர் ரெய்யோ தைபாலே பாடித்தான் நாடே பாடியது. 1968-ல், 37 வயதில், மோனனென் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கடலுக்கு அப்பால் இருக்கும் அந்த நாட்டைக் காதலி காத்திருக்கும் கனவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சேய்னாயோகி டாங்கோ விழாவில் இந்தப் பாட்டு வந்ததும் ஒரு வயதான ஜோடி ஆடுவதை நிறுத்தி, அணைத்தபடியே அசையாமல் நின்றார்கள். சுற்றி எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வடக்கு வெளிச்சம்:
தம்பி, எல்லாவற்றையும் போரோடு கொண்டுபோய்க் கட்டாதீர்கள். லோன்ரோத் 1840-ல் வெளியிட்ட பின்லாந்து நாட்டுப்புறப் பாடல் தொகுப்பான கந்தேலேதாரைப் பாருங்கள். குளிர்ந்த நீரில் நீந்தும் வாத்தின் மனம் தாழ்ந்து கிடக்கிறது, ஊர்த்தெருவில் நடக்கும் ஆதரவற்றவளின் மனம் அதைவிடத் தாழ்ந்து கிடக்கிறது என்று ஒரு பாட்டு. முதல் முறை கரேலியா கைவிட்டுப் போனதற்கு நூறு வருஷம் முந்தியது! போக்கிடம் இல்லாத துக்கம் அந்த மொழியிலேயே பழையது.

என் கதை சின்னது. முதல் நவம்பர், நாலரை மணிக்கே இருட்டு, பஸ் ரேடியோவில் டாங்கோ. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று. நவம்பரில் தனியறையில் உட்கார்ந்து இந்த வரிகளை மொழிபெயர்க்காதீர்கள். அகராதியோடு இருந்தால் வெறும் இருட்டுதான் கிடைக்கும். கோடையில் ஏரிக்கரை நடன மேடைக்குப் போங்கள். யாரென்றே தெரியாதவரோடு இரண்டு பாட்டு ஆடுவார்கள், பேச மாட்டார்கள், பிறகு அவரை நின்ற இடத்துக்கே கொண்டுபோய் விட்டு நன்றி சொல்வார்கள். இத்தனை சோகமான பாட்டு எதற்கு என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. மீனா, அந்தப் பாட்டியிடமும் டாங்கோ பற்றிப் பேசிப் பாருங்கள், ஊரைப் பற்றி வேண்டாம்.

தாம்பரே மீனா:
அண்ணா, பேச்சை எடுத்தது நான் இல்லை, அவர்தான். ஜனவரியில் திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வீடு அப்படியே இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். கதவு என்ன நிறம் என்று கேட்டார்.