டி7200-ஐயே ஓட்டுவதா, மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறுவதா?

2016 முதல் என்னிடம் இருப்பது நிக்கான் டி7200, கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா. கூடவே 200-500 மி.மீ. எஃப்/5.6, 50 மி.மீ. எஃப்/1.8டி என இரண்டு லென்ஸ்கள். எடுப்பது பெரும்பாலும் பறவைகள். கிளையில் உட்கார்ந்திருந்தால் ஒரு குறையும் இல்லை, பறந்தால்தான் சிக்கல். போன வாரம் ஒரு மீன்கொத்தி நாலைந்து முறை தண்ணீரில் பாய்ந்தது. 40 படம் தட்டினேன். கண் கூர்மையாக விழுந்தது இரண்டில். மற்றதில் எல்லாம் பின்னால் இருக்கும் நாணல் அருமையாக வந்திருக்கிறது!

மூன்று மாதமாக முயன்றவை: ஏஎஃப்-சி-யில் (நகரும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) 9 புள்ளி, 21 புள்ளி, 3டி என மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. ஷட்டர் 1/3200. ஷட்டர் பொத்தானில் இல்லாமல், கேமராவின் பின்பக்கப் பொத்தானில் ஃபோகஸ். ஏஎஃப் ஃபைன் டியூனும் (லென்ஸுக்கு ஏற்ப ஃபோகஸைச் சிறிது திருத்துவது) செய்தேன். அசையாத பொருளில் ஃபோகஸ் துல்லியம், அதனால் லென்ஸில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. என் கையும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் நண்பரின் நிக்கான் இசட்50 II மிரர்லெஸ் கேமராவில் ஒரு மணி நேரம் எடுத்தேன். பறவையின் கண்ணைத் தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதில் இருந்தது கேமராவோடு சேர்த்து வரும் சிறிய கிட் லென்ஸ். என் 200-500-ஐ அதில் பொருத்த, பழைய நிக்கான் லென்ஸ்களை இசட் கேமராவில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டர் வேண்டும், அது அவரிடம் இல்லை. 50 டி லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அந்த அடாப்டரிலும் கிடையாது என்பதால் அந்த லென்ஸைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அது பரவாயில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டு சோனி ஏ6700 கேமரா, 200-600 லென்ஸ் என்று போகவும் ஒரு யோசனை இருக்கிறது, மனசுதான் வரவில்லை.

200-500-ஐ எஃப்டிஇசட் வழியாக இசட்50 II-இல் போட்டுப் பறக்கும் பறவைகளை எடுத்தவர்கள் சொல்லுங்கள்: டி7200-ஐ விட ஃபோகஸ் நன்றாகப் பிடிக்கிறதா, இல்லை லென்ஸின் மோட்டார் வேகமே தடையாகிவிடுகிறதா?