இரவில் கூட்டுக்குள் அழும் நாய்க்குட்டி

கேள்வி: கொக்குவிலில் இருக்கிறோம், குட்டிக்கு 9 கிழமை. பகலில் தானாகவே கூட்டுக்குள் போய்ப் படுக்கிறது, ஆனால் இரவு விறாந்தையில் கூட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் அறைக்குள் போனதும் முனகத் தொடங்கினால் விடியும்வரை ஓயாது. பாவமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, கூட்டைக் கட்டிலடிக்குக் கொண்டுவாருங்கள். தாயோடு ஒட்டிப் படுத்த குட்டி, தனிமையில் பயந்துதான் அழும். நீங்கள் போட்ட பழைய சட்டை ஒன்றையும் உள்ளே விரியுங்கள், அந்த மணம் ஆறுதல். பழகியபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கலாம்.

பதில்: இந்த வயதில் 3 மணித்தியாலத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்குவது கஷ்டம். அலாரம் வைத்து, அழமுதலே முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், விளையாட்டுக் காட்டாமல் திரும்பக் கூட்டில் விடுங்கள். தயவுசெய்து ஏச வேண்டாம், கூட்டில் தட்டவும் வேண்டாம்.

கேட்டவர்: நன்றி அண்ணா. நேற்றுக் கட்டிலடியில் வைத்தோம், ஒருக்கால்தான் எழும்பியது.