ரிச்சர்ட் டி. ஜேம்ஸுக்கு ஏன் இத்தனை பெயர்கள்? எதில் தொடங்குவது?

இரவுக்கேள்வி:
எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் ரிச்சர்ட் டி. ஜேம்ஸ், ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் வெளியிட்ட 1992 ஆல்பம், செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85-92, ஒரு மாதமாக என் ஹெட்போனை விட்டு இறங்கவே இல்லை. சரி, மற்றதையும் கேட்கலாம் என்று தேடினால் ஏஎஃப்எக்ஸ், பாலிகான் விண்டோ, காஸ்டிக் விண்டோ, பவர்-பில், தி டஸ் என்று போய்க்கொண்டே இருக்கிறது, எல்லாம் ஒரே ஆள்தானாம். பெயருக்கு ஒரு இசை என்று கணக்கு ஏதாவது உண்டா? எதைக் கேட்டால் ஏமாற மாட்டேன்?

சைன்அலை:
உங்களுக்கு அடுத்தது பாலிகான் விண்டோ, யோசிக்கவே வேண்டாம். 1993இல் வந்த சர்ஃபிங் ஆன் சைன் வேவ்ஸ். டிரம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் மேலே மிதக்கிற மெலடி நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற அதே கைதான்.

பெயர் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இது: உங்கள் ஆல்பம் வந்தது ஆர் அண்ட் எஸ் லேபிளின் (இசை வெளியீட்டு நிறுவனம்) கிளையான அப்பல்லோவில், பாலிகான் விண்டோ வந்தது வார்ப் என்ற லேபிளில், காஸ்டிக் விண்டோ ரெக்கார்டுகள் வந்தது அவரும் ஒரு நண்பரும் 1991இல் தொடங்கிய ரெஃப்லெக்ஸில். அந்தக் காலத்து டெக்னோ ஆட்கள் பலரும் இப்படித்தான், ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் வெளியிட வேண்டுமென்றால் மூன்று பெயர்.

பழையகேசட்:
லேபிள் ஒரு காரணம்தான், ஆனால் அதோடு நிற்கவில்லை. ஏஎஃப்எக்ஸ் என்றால் பெரும்பாலும் ஆசிட் என்கிற நெளியும் சத்தமுள்ள டான்ஸ் இசை, பழைய அனலாக் மெஷின்கள். 2005இல் அனலார்ட் என்று 11 ரெக்கார்டு வரிசையாக வந்தது, எல்லாம் ஏஎஃப்எக்ஸ், பத்தாம் எண் மட்டும் ஏஃபெக்ஸ் ட்வின். ஒரே வரிசைக்குள்ளேயே இப்படி என்றால் பெயர்களுக்கு நடுவே அவர் சுவர் எழுப்பவில்லை என்றுதான் அர்த்தம். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: ப்ளூ கால்க்ஸ் என்பது 1992இல் ரெஃப்லெக்ஸ் தொகுப்பு ஒன்றில் கலைஞரின் பெயராக இருந்தது, 1994இல் செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸின் இரண்டாம் பாகத்தில் அதே டிராக்குக்குத் தலைப்பாகிவிட்டது, அதுவும் மற்ற டிராக்குகளுக்கெல்லாம் பெயரே வைக்காத ஆல்பத்தில்.

சில சமயம் ஆசைப்பட்டு மாற்றுவதும் இல்லை. டான் ஸ்நெய்த் என்ற இன்னொரு எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் முதலில் மனிடோபா, அந்தப் பெயரில் பாடிவந்த வேறொருவர் வழக்கு என்று வந்ததால் கரிபூ ஆனார். டான்ஸ் இசைக்கு டாஃப்னி என்று வைத்துக்கொண்டது மட்டும் அவர் விருப்பம்.

நள்ளிரவு303:
தி டஸ்ஸை விட்டுவிடாதீர்கள். 2007இல் ரஷப் எட்ஜ் வந்தபோது ட்ரெகாஸ்கின் என்று யாரோ புதிய ஆள் என்றுதான் போட்டிருந்தார்கள். கேட்டவர்களோ அந்த சிந்தசைசர் சத்தத்தை வைத்தே இது ரிச்சர்ட் ஜேம்ஸ்தான் என்று அடித்துச் சொன்னார்கள், கடைசியில் அதுதான் சரி. பெயர் தெரியாமல் ஒருவரின் கையை அடையாளம் காண முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் காஸ்டிக் விண்டோவின் ஆல்பம். 1994இல் சோதனைக்காகச் சில பிரதிகள் மட்டும் அச்சாகி நின்றுபோனது. 20 வருடம் கழித்து ஒரு பிரதி விற்பனைக்கு வர, ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பணம் சேர்த்து வாங்கினார்கள், பணம் போட்டவர்களுக்கு டிஜிட்டல் பிரதி கிடைத்தது. அந்த ரெக்கார்டை ஏலம் விட்டபோது மைன்கிராஃப்ட் வீடியோ கேமை உருவாக்கியவர் 46,300 டாலருக்கு எடுத்தார். இசையைப் பொறுத்தவரை பாலிகான் விண்டோவைவிட இது கரடுமுரடு, உங்களுக்கு உடனே பிடிக்காமல் போகலாம்.

இரவுக்கேள்வி:
எல்லோருக்கும் நன்றி. பாலிகான் விண்டோ முதல் இரண்டு டிராக் கேட்டாயிற்று, சைன்அலை சொன்ன அந்த மெலடி முதல் நிமிடத்திலேயே பிடிபட்டது. இதை முடித்துவிட்டு ப்ளூ கால்க்ஸ், அப்புறம்தான் தி டஸ்.