அந்த ராத்திரி டார்ச் பிடித்திருந்தது அம்மா

யானையைப் பார்த்த அனுபவத்தை எழுது என்று யாராவது கேட்டால், யானை வராத ராத்திரிகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் எழுத வருகிறது. ஏனென்றால் அவைதான் அதிகம்.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில் தாளவாடி மலையில், காட்டை ஒட்டி. சத்தியமங்கலம் பக்கமிருந்து வந்தால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித்தான் வரவேண்டும். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், எழுதுவதும் தமிழில். இரண்டரை ஏக்கர் நிலம், பாதியில் ராகி, மீதியில் மக்காச்சோளம். ராகிக் கதிர் பால் பிடிக்கிற நாளிலிருந்து அறுத்துக் களத்துக்குக் கொண்டுவருகிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. ஒருவர் பரணில், ஒருவர் கீழே தீ பக்கத்தில்.

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ தீனியாவது வேண்டும். காட்டுக்குள் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது, அதை அது தின்னாது. இங்கே ஒரே இடத்தில் இனிப்பாகக் கதிர் நிற்கிறது, வராமல் என்ன செய்யும்? அகழி வெட்டினார்கள், இரண்டு மழையில் கரை சரிந்த இடத்தில் இறங்கி ஏறிவிட்டது. சோலார் வேலி போட்டோம், பக்கத்து மரத்தை அதன்மேல் தள்ளிவிட்டு வந்தது. பட்டாசுக்கு முதல் வருஷம் ஓடியது, அப்புறம் சத்தம் ஓயட்டும் என்று நின்று பார்த்தது.

வந்திருப்பது முதலில் கண்ணுக்குத் தெரியாது. அத்தனை பெரிய உடம்பு, காலடிச் சத்தமே கேட்காது. நாய் குரைப்பதை நிறுத்தும், அப்புறம் ஒரு வாடை வரும், அப்புறம் சரக் சரக் என்று ஒரு சத்தம். ராகித் தூரை வேரோடு பிடுங்கி, மண் போகத் தன் காலிலேயே தட்டித் தட்டித் தின்கிற சத்தம் அது. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தூர் போய்விட்டது என்று மனசு எண்ணிக்கொண்டே இருக்கும்.

நான் எழுதிய முதல் கட்டுரை அப்படி ஒரு ராத்திரியைப் பற்றியது. காலேஜ் படிக்கும்போது எழுதினேன். இருட்டு, பனி, இருபது அடி தூரத்தில் ஒற்றைக் கொம்பன், அதன் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன என்றெல்லாம் இருக்கும். கோயம்புத்தூரில் அதை வாசித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். லீவில் வந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கன்னடத்தில் சொல்லிச் சொல்லி. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அன்னைக்கு டார்ச் பிடிச்சிட்டு நின்னது உங்க அம்மா. அவளை எங்கே காணோம்?"

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உண்மைதான். நான் பரண்மேல் இருந்தேன். கீழே அம்மா நின்று, யானை மூஞ்சியில் வெளிச்சம் அடிக்காமல், அதற்கு முன்னால் தரையில் அடித்துக்கொண்டே, "போ சாமி, போ சாமி, பிள்ளைங்க இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ராத்திரியில் யானை என்ற சொல்லைச் சொல்லமாட்டோம், சாமி என்றுதான் சொல்வோம். அதன் கண்ணை நான் பார்க்கவே இல்லை. அந்த இருட்டில் யார் பார்த்திருக்க முடியும்? வாசித்த வேறு எதிலிருந்தோ அந்தக் கண் என் கட்டுரைக்குள் வந்துவிட்டது.

அதற்கப்புறம் எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். எழுதியதை முதலில் வீட்டில் வாசித்துக் காட்டுவேன். அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், யார் கையில் என்ன இருந்தது, மறுநாள் என்ன வேலை என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். காடு ஓரம் இருந்து எழுத நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான், வந்த மிருகத்துக்கு நான்கு வரி கொடுத்தால் போதும், காத்திருந்தவர்களுக்கு நாற்பது வரி கொடுங்கள். காரப்பள்ளம் சோதனைச்சாவடி பக்கம் லாரியிலிருந்து விழுகிற கரும்புக்கு யானை வந்து நிற்பதைக் காரில் போகிற எல்லோரும் போட்டோ எடுத்து எழுதிவிட்டார்கள். பயிர் போன மறுநாள் இழப்பீட்டுக்காக மிதிபட்ட ராகியைப் போட்டோ எடுத்து, சர்வே நம்பர் எழுதி, வி.ஏ.ஓ.விடம் கையெழுத்து வாங்கி, அலுவலகத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறுவதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதை ஒருமுறை எழுதினேன். பர்கூர் பக்கத்திலிருந்தும் வால்பாறையிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் தங்கள் கணக்கை எனக்கு எழுதி அனுப்பினார்கள், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று. எனக்கு வந்த பாராட்டுகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், யானைமேல் எங்கள் வீட்டில் யாருக்கும் வெறுப்பு இல்லை. பயம் இருக்கிறது, நஷ்டம் இருக்கிறது, கும்பிடவும் செய்கிறோம். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதைக் கட்டுரையில் கொண்டுவருவதுதான் எனக்கு இன்றுவரை கஷ்டமாக இருக்கிறது.

அந்த முதல் கட்டுரையைப் போன மாசம் திருத்தி எழுதினேன், இந்த முறை அம்மாவை வைத்து. அடுப்படியில் உட்கார்ந்து அவருக்கு வாசித்தேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். முடித்ததும், "எல்லாம் சரி, காலைல ஏழு மணிக்கு முட்டைக்கோஸ் வெட்டப் போனேனே, அதைப் போடலையே" என்றார்.

எனக்கு அது நினைவிலேயே இல்லை.