‘நடுநிலை’ ஒன்று, பொருள் இரண்டு: செஞ்சிலுவைக் கொள்கைகளுக்குச் சொல் தேடல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தின் ஏழு அடிப்படைக் கொள்கைகளைத் தன்னார்வலர் கையேடு ஒன்றுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1965இல் வியன்னா மாநாட்டில் அறிவிக்கப்பட்டவை. மனிதநேயம், சுதந்திரம், தன்னார்வத் தொண்டு, ஒருமை, உலகப் பொதுமை என்று ஐந்தை ஒப்பேற்றிவிட்டேன். மிச்சம் இருப்பவை ‘இம்பார்ஷியாலிட்டி’யும் ‘நியூட்ராலிட்டி’யும். எந்த அகராதியைப் புரட்டினாலும் இரண்டுக்கும் ‘நடுநிலைமை’ வந்து நிற்கிறது. ஒன்றுக்கு ‘நடுநிலைமை’, இன்னொன்றுக்குப் ‘பக்கச்சார்பின்மை’ என்று போட்டேன். படித்துப் பார்த்த நண்பர், “ஒரே விஷயத்தை எதுக்கு ரெண்டு தடவை எழுதியிருக்கே?” என்றார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

* * *

வணக்கம்.

உங்கள் நண்பர் நல்ல வாசகர். அவரை விட்டுவிடாதீர்கள்.

சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். போர்முனையில் ஒரு மருத்துவக் கூடாரம். நம் பக்கத்து வீரனுக்குக் காலில் காயம். எதிரிப் படையைச் சேர்ந்தவனுக்கு மார்பில் குண்டு. யாரை முதலில் பார்ப்பது? நாடு, இனம், மதம், வர்க்கம், அரசியல் எதையும் கேட்காமல், வலியின் அளவை மட்டும் பார்த்து மார்பில் அடிபட்டவனிடம் போவதுதான் ‘இம்பார்ஷியாலிட்டி’. கவனியுங்கள், இது எல்லாருக்கும் சமமாகப் பங்கு போடுவது இல்லை. தேவை அதிகம் உள்ளவனுக்கு முதலில், அவ்வளவுதான்.

கூடாரத்துக்கு வெளியே வந்து ஒருவர் கேட்கிறார்: “இந்தப் போரில் நியாயம் யார் பக்கம்?” அதற்கு வாய் திறக்காமல் இருப்பது ‘நியூட்ராலிட்டி’. எதற்காக? அந்தக் கொள்கையின் வாசகமே காரணத்தோடுதான் தொடங்குகிறது: எல்லாருடைய நம்பிக்கையையும் தக்கவைத்துக்கொள்வதற்காக. நம்பிக்கை போய்விட்டால் நாளைக்கு எதிர்த்தரப்புச் சோதனைச் சாவடியில் வண்டியை விடமாட்டார்கள். ஆக, முன்னது காயம்பட்ட மனிதனைப் பற்றியது, பின்னது சண்டை போடும் தரப்புகளைப் பற்றியது. இந்தக் கொள்கைகளுக்கு உரை எழுதிய ழான் பிக்தே இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறார்: நியூட்ரலாக இருப்பவர் தீர்ப்புச் சொல்ல மறுக்கிறார், இம்பார்ஷியலாக இருப்பவர் முன்பே வகுத்த விதிப்படி தீர்ப்புச் சொல்கிறார்.

வரலாற்றிலும் இரண்டும் ஒன்றாகப் பிறக்கவில்லை. 1859 ஜூன் 24, இத்தாலியில் சோல்ஃபெரினோ போர். ஆஸ்திரியரா பிரெஞ்சுக்காரரா என்று பார்க்காமல் காயம்பட்டவர்களைக் காஸ்திலியோனே ஊர்ப் பெண்கள் கவனித்ததை, பின்னாளில் செஞ்சிலுவைக்கு வித்திட்ட ஹென்றி துனாந்த் அருகில் இருந்து பார்த்தார், தானும் சேர்ந்து உழைத்தார். “எல்லாரும் சகோதரர்கள்” என்பது அந்தப் பெண்கள் வாயில் வந்த பேச்சு. அப்போது குழுவும் கிடையாது, கொடியும் கிடையாது. பிற்காலத்தில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவாக மாறிய ஐவர் குழு ஜெனீவாவில் கூடியது 1863இல். அடுத்த ஆண்டு முதல் ஜெனீவா ஒப்பந்தம் வந்தபோதுதான் ‘நியூட்ரல்’ என்ற சொல் ஏறுகிறது. அதுவும் நடத்தையைக் குறிக்க இல்லை, படை மருத்துவமனைகளைத் தாக்கக் கூடாது என்ற பாதுகாப்பைக் குறிக்க.

சரி, தமிழுக்கு வருவோம். குறளில் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்துக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் இது: பகை, நொதுமல், நண்பு என்னும் மூன்று பகுதியினும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்கும் நிலைமை. இதைவிடப் பொருத்தமாக ‘இம்பார்ஷியாலிட்டி’யை யார் சொல்ல முடியும்? எதிரியானாலும் நண்பனானாலும் ஒரே அறம். அப்புறம், அதே வரியில் பகையும் இல்லாத நண்பும் இல்லாத நிலைக்குத் தனியாக ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது: நொதுமல். இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் கிடைக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்?

ஒரு சிக்கல். ‘நடுநிலை’ என்றால் இன்றைய வாசகருக்கு ‘நான் எந்தக் கட்சியும் இல்லை’ என்பதுதான் தோன்றும். பழைய பொருளை மீட்டுத் தருவது ஒரு கையேட்டால் ஆகிற காரியம் இல்லை. எனவே என் பரிந்துரை: இம்பார்ஷியாலிட்டி ‘பேதம் பாராமை’, நியூட்ராலிட்டி ‘நொதுமை’. நடுநிலையை இரண்டிலிருந்தும் விலக்கிவிடுங்கள்.

* * *

ஐயா, பரிமேலழகரைக் கொண்டுவந்தது அருமை. ‘பேதம் பாராமை’க்கு என் ஓட்டு. ‘நொதுமை’யில்தான் எனக்கு உதைக்கிறது.

புரியாத சொல் என்பது சின்னக் குறைதான், பழக்கினால் பழகிவிடும். பொருள்தான் இடிக்கிறது. அகப்பாடல்களில் நொதுமலர் என்றால் அயலார். தலைவியைப் பெண் கேட்டு வரும் அந்நியர்களுக்கு ‘நொதுமலர் வரைவு’ என்று துறையே உண்டு. ‘எனக்கென்ன, நான் அசலான்’ என்ற வாடை அந்தச் சொல்லில் இருக்கிறது. இந்த இயக்கத்தின் மேல் விழுந்த மிகப் பெரிய பழியும் அதுதானே? நாஜி வதைமுகாம்கள் பற்றிய செய்திகள் கையில் இருந்தும், பகிரங்க அறிக்கை வேண்டாம் என்று 1942 அக்டோபரில் ஜெனீவாக் குழு முடிவெடுத்தது. அது தன் தோல்வி என்று பிற்காலத்தில் அந்தக் குழுவே ஒப்புக்கொண்டது. நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற பயாஃப்ராவின் போரில் செஞ்சிலுவைக்காக வேலை பார்த்துத் திரும்பிய பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர், அங்கேயும் இதே வாய்மூடலைப் பொறுக்காமல் 1971இல் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பைத் தொடங்கியவர்களில் இருந்தார்கள். பக்கம் சேராதவர் வேறு, பாராமுகமாக இருப்பவர் வேறு. ‘நொதுமை’ இரண்டையும் மறுபடி ஒட்டவைத்துவிடும்.

‘அணிசேராமை’ நாவில் வந்தது. ஆனால் அணிசேரா நாடுகள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சம் இருப்பது ‘பக்கம் சேராமை’. கொஞ்சம் தரையோடு தரையாக இருக்கிறது, ஆனால் சொன்னதும் விளங்கும். ‘பக்கம் சேரா அமைப்பு’, ‘பேதம் பாரா உதவி’ என்று பெயரடையாகவும் மடங்கும். ‘பக்கச்சார்பின்மை’ வேண்டாம். மேசையில் உட்கார்ந்து வழக்கு விசாரிப்பவருக்கும் அது பொருந்துவதால் குழப்பம் திரும்ப வரும்.

வேறொரு எச்சரிக்கை. ஈழத் தமிழில் ‘இயக்கம்’ என்றால் ஆயுதம் ஏந்திய அமைப்பு என்ற பொருளும் உண்டு. பக்கம் சேராத அமைப்பு தன்னை ‘இயக்கம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். முழுப்பெயரையே எழுதுங்கள்.

* * *

இருவருக்கும் நன்றி.

‘பேதம் பாராமை’, ‘பக்கம் சேராமை’ இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்தேன். “பேதம் பாராமல் உதவ வேண்டுமானால், எல்லாத் தரப்பும் நம்மை உள்ளே விட வேண்டும். அதற்காகத்தான் பக்கம் சேராமை.” முன்பு இந்த இடத்தில் அரைப்பக்க விளக்கம் இருந்தது, தூக்கிவிட்டேன். தேவைக்கு முன்னுரிமை என்ற அம்சம் ‘பேதம் பாராமை’க்குள் இல்லை என்பது தெரிகிறது. ஒரு சொல்லின் தலையில் எல்லாவற்றையும் ஏற்ற முடியாது, அடுத்த வரியில் சொல்லிக்கொள்கிறேன்.

சின்னங்கள் பற்றிய பக்கத்திலும் ‘பக்கம் சேராமை’ கைகொடுத்தது. சுவிஸ் கொடியின் நிறத்தை மாற்றிப்போட்ட சிலுவையை மதச் சின்னமாகப் பார்த்ததால் உஸ்மானியப் பேரரசு 1876இல் பிறையை எடுத்துக்கொண்டது. எந்த மதத்தையும் நினைவூட்டாத மூன்றாவது சின்னம் 2005இல்தான் வந்தது. ஆங்கிலத்தில் ‘ரெட் கிரிஸ்டல்’ எனப்படும் அதைச் ‘செம்பளிங்கு’ என்று எழுதியிருந்தேன்; பளிங்கு என்றால் பலருக்குத் தரையில் பதிக்கும் கல்தான் நினைவுக்கு வரும் என்பதால் ‘செம்படிகம்’ ஆக்கிவிட்டேன். மறுப்பு உள்ளவர்கள் எழுதலாம்.

திருத்திய படியை நண்பரிடம் மறுபடி கொடுத்தேன். இந்த இரண்டையும் ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிவிட்டார். பிறகு நிமிர்ந்து, “அது சரி, ஒருமையும் உலகப் பொதுமையும் ஒண்ணுதானே?” என்றார். ஒரு நாட்டுக்கு ஒரே சங்கம், அது எல்லாருக்கும் திறந்தது என்பது முன்னது. உலகம் முழுக்க உள்ள சங்கங்கள் சம தகுதி உடையவை என்பது பின்னது என்று வாயால் விளக்கினேன். தலையாட்டினார், ஆனால் பென்சிலால் போட்ட கேள்விக்குறியை அழிக்கவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.